கள்வர் தந்த நகை



1718ஆம் ஆண்டையொட்டி, வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருக்களில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுடைய சிறுவன் ஒருவன் தான் எழுதிய பாடல்களைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்று விற்றான். அச்சுக்கூடம் அவன் தமையனுடையது. பாடல்கள் இரண்டு. ஒன்று, கலங்கரை விளக்கக் காவலர் தம் குடும்பத்தாருடன் கடலில் மூழ்கி மாண்ட துயரத்தைச் சொல்வது. மற்றொன்று, கருந்தாடியன் என்று கடலோடிகள் அஞ்சிய எட்வர்ட் டீச் என்னும் கடற்கொள்ளைத் தலைவன் பிடிபட்டதைச் சொல்வது. அந்த ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஓக்ரகோக் தீவின் அருகே நடந்த போரில் அவன் கொல்லப்பட்டான். வெட்டப்பட்ட அவன் தலை, வென்ற மேனார்டின் கப்பல் முகப்பு மரத்தில் தொங்கவிடப்பட்டது. நாட்டையே உலுக்கிய இச்செய்தியைத்தான் அச்சிறுவன் பாட்டாக்கினான். அவன் தந்தை மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து பிழைத்தவர். மகனின் பாடல்களைப் பார்த்து நகைத்து, பாட்டுக் கட்டுவோர் பெரும்பாலும் பிச்சைக்காரராகவே முடிவர் என்று எச்சரித்தார். மகனும் கவிதையைக் கைவிட்டான். அவன்தான் பிற்காலத்தில் புகழ் பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின். தன் வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவரே எழுதியுள்ளார். தந்தை தடுத்திராவிடில் தாம் ஒரு மட்டமான கவிஞராகியிருக்கக்கூடும் என்பது அவர் கருத்து. பத்தாண்டுகளாகக் கவிதையே பேசிவரும் ஓர் அவையில் இதைக் கூறுவது மங்கலமாகுமா என்பது ஐயமே. ஆயினும் கதை உண்மைக் கதை.

இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அச்சிறுவன் எழுதியது கடற்கொள்ளையனைப் பற்றிய பாட்டு, எழுதியவனும் சிறுவன். ஆனால் அதில் சிரிப்புக்கு இடமிருந்திருக்க வழியில்லை. தலை தொங்கிய ஆண்டிலேயே அத்தலையைக் கண்டு எவர் சிரிப்பார்? சிரிப்பதற்குக் காலம் கடக்க வேண்டும். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கடந்தன.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நகைக்கும் நான்கு சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலப்படும். கள்வர் அச்சப் பட்டியலில் இருப்பவர். நகைப் பட்டியலில் அவர்க்கு இடமில்லை. அவரைப் பெயர்த்துக் கொண்டுவந்து நகைப் பட்டியலில் குடியேற்றுவதே ஆங்கிலச் சிறுவர்க் கவிஞர் சிலர் செய்த வேலை. அவர்கள் தொல்காப்பியத்தை அறியார். எனினும் அவர்கள் கையாண்ட வழிகளை விளக்க அந்த இரண்டு பட்டியல்களைவிடப் பொருத்தமான கருவி வேறு கிடைப்பதரிது. இந்தப் பெயர்ப்பில் எதை விட்டுவந்தார்கள், எதைச் சுமந்து வந்தார்கள் என்பதே இவ்வுரையின் கேள்வி.

ராபர்ட் லூயி ஸ்டீவன்சனிடமிருந்து தொடங்குவது முறை. 1881ஆம் ஆண்டு மழை ஓயாத கோடையில், ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில், தம் மனைவியின் மகனான லாயிட் என்னும் சிறுவனோடு அவர் பொழுது போக்கிக்கொண்டிருந்தார். அங்கே வரையப்பட்ட ஒரு தீவின் வரைபடத்திலிருந்துதான் 'புதையல் தீவு' பிறந்தது. அது 1883இல் நூலாக வந்தது. அதில் வரும் லாங் ஜான் சில்வருக்கு இடக்கால் இடுப்பை ஒட்டி வெட்டுண்டது. அவன் ஊன்றுகோல் ஒன்றை அக்குளில் இடுக்கி நடப்பவன். கடற்கொள்ளையன் என்றதும் ஓவியர்கள் வரையும் மரக்கால் அவனுக்கு இல்லை. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

சில்வருக்கு மூலம் ஒரு கவிஞர் என்பது இந்த அவைக்குரிய செய்தி. டபிள்யூ. ஈ. ஹென்லி, ஸ்டீவன்சனின் நண்பர். எலும்புருக்கி நோயால் இடக்கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டவர். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்து கவிதை எழுதியவர். உடல் குறைபட்டும் குறையாத அவருடைய வலிமையும் பிறரை ஆளும் மிடுக்குமே சில்வரைத் தமக்குத் தந்தன என்று ஸ்டீவன்சன் அவருக்கே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அந்த ஹென்லிக்கு மார்கரெட் என்றொரு மகள். அவள் ஜே. எம். பேரியை 'நண்பரே' என்றழைக்க முயன்று மழலையில் குழறிய சொல்லே வெண்டி என்னும் பெயராயிற்று. குழந்தை 1894இல் ஐந்து வயதில் இறந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் 1904இல் 'பீட்டர் பேன்' நாடகம் மேடையேறியது. அதில் வெண்டியை அச்சுறுத்துபவன் கைக்குக் கொக்கி மாட்டிய கடற்கொள்ளைத் தலைவன் ஹுக். கால் இழந்த தந்தையிடமிருந்து ஒரு கொள்ளையன். மறைந்த மகளிடமிருந்து இன்னொரு கொள்ளையனை எதிர்கொள்ளும் சிறுமி. சிறுவர்களைக் குதூகலிக்கச் செய்த இரண்டு கடற்கொள்ளைக் கதைகளின் அடியில் ஒரே வீட்டின் துயரம் கிடக்கிறது.

ஸ்டீவன்சன் 1885இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுதியில் கொள்ளையர் விளையாட்டைப் பற்றிய பாடலொன்று உண்டு. மூன்று குழந்தைகள் புல்வெளியில் ஒரு கூடையில் ஏறியிருக்கிறார்கள். கூடை கப்பல், புல்வெளி கடல். பாய்ந்து வரும் மாடுகள் பகைவர் படை. சிறிய வாயிற்கதவு துறைமுகம், தோட்டம் கரை. இங்கே கொள்ளையும் இல்லை, கொலையும் இல்லை. தொல்காப்பியர் சொன்ன 'இளமை' என்னும் நிலைக்களன் தூய வடிவில் இருக்கிறது. பாடல் இனிது. ஆனால் நகைச்சுவை என்று சொல்லுமளவுக்கு அதில் முரண் இல்லை, புன்முறுவலோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டிச் சிரிக்கவைக்க வேறொருவர் வேண்டியிருந்தது.

அவர் டபிள்யூ. எஸ். கில்பர்ட். கப்பலுடைந்து பசியால் ஒருவரையொருவர் உண்டு தீர்த்த மாலுமிகளைப் பற்றி அவர் எழுதிய வேடிக்கைப் பாடலை, வாசகர் சுவைக்கு ஒவ்வாத அளவுக்கு நரமாமிச நெடி வீசுகிறது என்று 'பஞ்ச்' இதழின் ஆசிரியர் திருப்பி அனுப்பினார். 1866இல் 'ஃபன்' இதழ் அதை ஏற்று வெளியிட்டது. திருப்பி அனுப்பியவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இன்று நினைக்கப்படுவது பாடல்தான். பின்னர் சல்லிவனின் இசையோடு கில்பர்ட் எழுதிய 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்' என்னும் இசை நாடகம் 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் மேடையேறியது. ஆங்கிலேயர் நாடகம் அமெரிக்காவில் ஏன் முதலில் நடக்க வேண்டும்? அவர்களுடைய முந்தைய நாடகத்தை அமெரிக்க நாடகக்குழுக்கள் ஒரு காசும் தராமல் நடத்திப் பணம் பார்த்தன. அந்தக் கொள்ளையைத் தடுக்கவே ஆசிரியர்கள் தாமே கடல் கடந்து சென்றார்கள். நாடகத்தின் தலைப்பிலேயே ஒரு குத்தல் இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

அது சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. ஆனால் சிறுவர் பாடல்களில் பின்னர் உலவிய நகைப்புக்குரிய கொள்ளையனுக்கு முன்னோன் அங்கேதான் இருக்கிறான் எனலாம். பையனைக் கப்பலோட்டும் வழிகாட்டியிடம் தொழில் பழகச் சேர்க்கும்படி செவிலியிடம் சொல்கிறார்கள். காது மந்தமான அவள் ஆங்கிலத்தில் 'பைலட்' என்றதைப் 'பைரட்' என்று கேட்டுக் கொள்ளையரிடம் சேர்த்துவிடுகிறாள். அக்கொள்ளையர் எல்லாரும் அநாதைகள்; ஆதலால் அநாதை எவரையும் தொடுவதில்லை என்பது அவர்கள் நெறி. செய்தி பரவியது. அகப்பட்டவர் அத்தனை பேரும் தாம் அநாதை என்று சொல்லித் தப்பிவிடுகிறார்கள். இது பேதைமை பற்றிய நகை. இறுதியில் காவலர்கள் தோற்றுக் கிடக்கும் நிலையில், விக்டோரியா அரசியின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வென்ற கொள்ளையரே மண்டியிட்டுப் பணிகிறார்கள். தொல்காப்பியரின் பட்டியலை எண்ணிப் பார்க்க: கள்வர் மூன்றாவது, தம் இறை நான்காவது. மூன்றாம் அச்சத்தை நான்காம் அச்சம் விழுங்கிவிடுகிறது, எஞ்சுவது நகை.

இந்த முறையை, அதாவது ஓர் அச்சத்தை மற்றோர் அச்சத்தின் வாயில் தள்ளிச் சிரிப்பாக்கும் முறையை, சிறுவர்க்கென்றே எழுதிய பாடலில் முழுமையாக்கியவர் அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ். 1936இல் வந்த அவருடைய கஸ்டர்ட் என்னும் டிராகனின் கதை அத்தகையது. (பொல்லாத பெற்றோரின் பாட்டுத் தோட்டம் என்று பொருள்படும் தலைப்பில் அவ்வாண்டு அவர் ஒரு நூலும் வெளியிட்டார். ஸ்டீவன்சனின் நூல் தலைப்பைப் பகடி செய்ததே அது.) பெலிந்தா என்னும் சிறுமியின் சின்ன வீட்டில் ஒரு பூனை, ஓர் எலி, ஒரு நாய், ஒரு டிராகன். பூனைக்கு மையின் பெயர். நாயின் பெயர் மஸ்டர்ட், அதாவது கடுகு. டிராகனின் பெயர் மெத்தென்ற தின்பண்டமான கஸ்டர்ட். எல்லாரும் வீரம் பேசுபவர்கள். டிராகனுக்குக் கூரிய பல்லும் முதுகில் முள்ளும் அடுப்பைப் போன்ற வாயும் உண்டு. ஆனால் அது ஒரு பாதுகாப்பான கூண்டு வேண்டுமென்று ஓயாமல் அழுகிறது. மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஒருநாள் சன்னல் வழியே ஒரு கடற்கொள்ளையன் ஏறி வருகிறான். இரண்டு கையிலும் துப்பாக்கி, பல்லிடுக்கில் வாள், கருந்தாடி, ஒரு கால் மரக்கால். பிராங்க்ளின் பாடிய கருந்தாடியனேதான், இருநூறு ஆண்டு கழித்து ஒரு சிறுமியின் சன்னலில் வந்து நிற்கிறான். வீரர்கள் சிதறுகிறார்கள். மையின் பெயர் கொண்ட பூனை மையைப் போலவே வழிந்து வீட்டின் அடித்தளத்துக்கு இறங்கிவிடுகிறது. நிற்பது டிராகன் ஒன்றே. கொள்ளையன் இரண்டு குண்டு சுடுகிறான், தவறுகின்றன. டிராகன் அவனை மிச்சமின்றி விழுங்கிவிடுகிறது. விலங்கு கள்வரை உண்டது: இரண்டாம் அச்சம் மூன்றாம் அச்சத்தை.

இதோடு முடிந்திருந்தால் பாடல் வெறும் வீரக்கதை. நாஷின் மேதைமை அடுத்து வருகிறது. ஆபத்து நீங்கியதும் மற்றவர்கள் மெல்ல வெளியே வந்து, தாங்கள் பதறாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் போரிட்டிருப்போம் என்கிறார்கள். டிராகனும் ஆமாம், எல்லாரும் தன்னைவிட வீரரே என்று ஒப்புக்கொள்கிறது. மீண்டும் கூண்டு கேட்டு அழுகிறது. அச்சப்படுபவன் கோழை அல்லன் என்று நாஷ் எங்கும் சொல்லவில்லை. சொல்லாததால்தான் இருட்டைக் கண்டு அஞ்சும் குழந்தை ஒவ்வொன்றும் தானே அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. எள்ளல் இங்கே கொள்ளையன்மீது விழவில்லை, வாய்வீரர்மீது விழுகிறது. பெரியவர்களும் அதில் அடங்குவர்.

நாஷின் சிரிப்பில் பாதி ஓசையில் இருக்கிறது. ஆங்கிலப் பாடலின் கட்டு அடியின் இறுதியில்; தமிழர் இயைபு என்று கொள்ளும் இடம். எதிர்பாராத சொல் அடியின் முடிவில் வந்து பொருந்தும்போது குழந்தை சிரிக்கிறது. அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்ததே சிரிப்புக்குக் காரணம். தமிழ்ப் பாட்டின் முதன்மைக் கட்டோ எதுகை. அடியின் தொடக்கத்தில் வருவது. சிரிப்பு வாசலிலேயே நின்று வரவேற்றால் அது விருந்தாளிக்கு வியப்பாக இராது. ஆதலால் இவ்வகைப் பாடலைத் தமிழாக்க முனைவோர் இயைபை உயிர்ப்பித்தாக வேண்டும். சிறுவர் பாடலிலும் கும்மியிலும் சிந்திலும் அதற்குக் குறைவில்லை. பெயர்களில் மட்டும் ஒரு நற்பேறு: கஸ்டர்ட், மஸ்டர்ட் என்பவை தமிழில் எழுதினாலே எதுகையாகிவிடுகின்றன. மொழிபெயர்த்தே தீர வேண்டுமென்றால் நாய்க்குக் கடுகு என்றும் டிராகனுக்கு இடியாப்பம் என்றும் பெயரிடலாம். வருக்க எதுகையும் அமையும். பெயரில் இடியும் இருக்கும், தொட்டால் மெத்தென்றும் இருக்கும். கவிஞர் எவரேனும் முயன்று பார்க்கலாம்.

அடுத்து டி. எஸ். எலியட். 'பாழ்நில'த்தின் ஆசிரியர் பூனைகளைப் பற்றி எழுதினார் என்பது பலர்க்கு இன்றும் வியப்பு. தம் ஞானப் பிள்ளைகளுக்குக் கடிதங்களில் எழுதி அனுப்பிய பாடல்களைத் திரட்டி 1939இல் அவர் வெளியிட்ட நூலில், தேம்ஸ் ஆற்றில் படகோட்டித் திரியும் ஒரு கொள்ளைக்காரப் பூனை வருகிறது. அதன் பெயர் குரவுல்டைகர். உறுமும் புலி என்னலாம். ஒரு கண்ணும் ஒரு காதின் ஒரு பகுதியும் இல்லை. அதன் பெயரைக் கேட்டாலே ஆற்றங்கரை ஊர்களில் கோழிக் கூண்டுகளைப் பூட்டுகிறார்கள். ஒரு நிலாக்காலத்தில் மோல்சி என்னும் ஊரருகே, காவல் பூனைகள் மதுக்கடைப் பக்கம் ஒதுங்கியிருக்க, அது தன் காதலியிடம் மயங்கிக் கிடக்கிறது. அப்போது சயாம் பூனைகள் படகுகளில் வந்து சூழ்ந்துகொள்கின்றன. காதலி மறைந்துவிடுகிறாள். எத்தனையோ பேரைப் பலகைமேல் நடக்கவிட்டு வீழ்த்திய குரவுல்டைகர் தானே பலகைமேல் நடந்து நீரில் விழுகிறது. ஊர்கள் கொண்டாடுகின்றன, பாங்காக்கில் விழாவே எடுக்கிறார்கள். காப்பியத் தலைவனின் வீழ்ச்சியை ஒரு படகுப் பூனைக்கு அளித்த மிடுக்கில் நகை பிறக்கிறது. ஆற்றுத்துறை ஊர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய ஓசை, காவியம் கேட்ட செவிக்கு விருந்து.

ஆனால் இப்பாடலைக் குழந்தைக்குப் படித்துக் காட்டுபவர் ஓரிடத்தில் திக்கித்தான் தீர வேண்டும். குரவுல்டைகருக்கு வேற்றுநாட்டுப் பூனைகள்மேல் தீராத வெறுப்பு; காதைக் கடித்தது ஒரு சயாம் பூனை. கதைப்போக்கின்படி அந்த வெறுப்பே அதன் அழிவுக்குக் காரணம்; வெறுக்கப்பட்டவர்களே வெல்கிறார்கள். அதுவரை நீதி சரியே. எனினும் சயாம் பூனைகள் படகில் ஏறும் இடத்தில் கவிஞர் தம் கூற்றாகவே சீனரை இழித்துரைக்கும் தெருச்சொல் ஒன்றைப் பயன்படுத்துகிறார். அது பூனையின் வாய்ச்சொல் அன்று, கவிஞரின் சொல். 1981இல் இலண்டனில் தொடங்கிய 'கேட்ஸ்' இசை நாடகத்தின் பிற்கால மேடையேற்றங்களில் அச்சொல் மாற்றப்பட்டது; சிலவற்றில் அப்பகுதியே நீக்கப்பட்டது. நீக்கியவர்களைக் கவிதைப் பகைவர் என்று திட்டுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எள்ளல் நகைக்கு முதல் நிலைக்களன் என்றார் தொல்காப்பியர். எள்ளப்படுபவர் எவர் என்பதைக் கவிஞன் தேர்கிறான். பெரியவர்க்கான கவிதையில் வாசகன் அத்தேர்வோடு வழக்காடலாம். குழந்தை வழக்காடாது, சிரிப்போடு சொல்லையும் சேர்த்து விழுங்கிவிடும். பிறகு பள்ளி முற்றத்தில் ஒரு சீனக் குழந்தையைப் பார்த்து அதைத் துப்பும்.

நகைப் பட்டியலுக்குக் கள்வரைப் பெயர்க்கையில் விட்டுவந்தது எது என்னும் கேள்விக்கு ஒரு பழைய நூல் விடை தருகிறது. எக்ஸ்குவமெலின் என்பவர் கரீபியக் கடலின் கொள்ளையரோடு மருத்துவராகத் திரிந்தவர். 1678இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மொழியில் அவர் வெளியிட்ட நூலில் கொள்ளையரின் இழப்பீட்டு ஒப்பந்தம் விளக்கப்படுகிறது. கொள்ளையில் வலக்கை இழந்தவனுக்கு 600 ஸ்பானிய வெள்ளிக்காசு, அல்லது ஆறு அடிமைகள். இடக்கைக்கு 500, அல்லது ஐந்து அடிமைகள். வலக்காலுக்கும் அதே. இடக்காலுக்கு 400, அல்லது நான்கு அடிமைகள். கண்ணுக்கு 100, அல்லது ஓர் அடிமை. மரக்கால், கொக்கிக்கை, ஒற்றைக்கண் என்று ஓவியர்கள் வண்ணம் தீட்டும் ஒவ்வோர் உறுப்புக்கும் அந்தக் காலத்தில் ஒரு விலை இருந்தது. அந்த விலை மனிதர்களைக் கொண்டு எண்ணப்பட்டது. லாங் ஜான் சில்வரின் இடக்கால் நான்கு மனிதர்.

இதை அறிந்தபின் குழந்தைகளுக்கு இப்பாடல்களைத் தரலாகாது என்று முடிவுகட்டுவோர் இருக்கலாம். அது பிழை. அச்சத்தைச் சிரித்துக் கடக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. கள்வர் உள்ள உலகில்தான் அது வளரப்போகிறது. பாடல்களில் வேறுபாடு உண்டு என்பதே கொள்ளத்தக்கது. கொள்ளையனின் கொடுமையையே வேடிக்கையாக்கி, இத்தனை பேரை மூழ்கடித்தான் என்று எண்ணிக் காட்டிச் சிரிக்கும் பாடல்கள் மிகப் பல. அவை அலுத்தும் போகின்றன. கொள்ளையனை மனித அளவுக்குச் சுருக்கிக் காட்டும் பாடல்கள் சிலவே. கில்பர்ட் அவனை அநாதையாக்கினார். நாஷ் அவனை ஒரு வாய்க் கவளமாக்கினார்.

இன்னுமொரு பாடலைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஷெல் சில்வர்ஸ்டைன் 1974இல் வெளியிட்ட தொகுதியில் ஹுக்கைப் பற்றி மிகச் சிறிய பாடல் ஒன்று எழுதினார். கப்பல் இல்லை, கொள்ளை இல்லை, வாள் இல்லை. கைக்குப் பதில் கொக்கி உள்ளவன் அன்றாடம் எதையெல்லாம் மறவாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே பொருள். கால்விரலைச் சொறிய முடியாது. மூக்கைத் தொடும்போது கவனம் வேண்டும். பிறர் கையைப் பற்றுவது எளிதன்று. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் பாடல் அது. கொக்கியை ஆயுதமாகவே பார்த்த நெடிய மரபில், அது ஒரு கையின் இன்மை என்று கண்டு எழுதியவர் அவர். சிரித்த குழந்தை அடுத்த கணம் தன் கையை விரித்து, ஐந்து விரலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிறது.